நாடாப்புழுவும் சைவ வயிறும்: கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. ஆய்வுக்கூடத்தில் மலம் பார்ப்பவன். மாத்திரை அளவு கேட்டால் டாக்டரிடம்தான் அனுப்புவேன்.

கே: ஐயா, பையனுக்கு ராத்திரியானால் ஆசனவாயில் ஒரே அரிப்பு. மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்கிறார்கள்.

ப: அதில் பெரும்பாலும் தெரியாது. கீரிப்பூச்சியாக இருந்தால் அது மலத்தில் முட்டை இடுவதில்லை. பிள்ளை தூங்கிய பிறகு பெண்புழு வெளியே வந்து, சுற்றியுள்ள தோலில் முட்டைகளை ஒட்டிவிடுகிறது. காலையில் எழுந்ததும், கழுவுவதற்கு முன்னால், செல்லோடேப்பின் பசைப் பக்கத்தை அங்கே அழுத்தி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் ஒட்டிக் கொடுங்கள். மைக்ரோஸ்கோப்பில் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உப்பலாகவும் முட்டைகள் தெரியும். மூன்று நாள் காலையில் எடுத்தால் நல்லது. புழு இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மாத்திரை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. மாத்திரை புழுவைத்தான் கொல்லும், முட்டை தப்பிவிடும். சொறிந்த விரல் வாய்க்குப் போனால் மறுபடி முதலிலிருந்து. நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

கே: இனிப்பு தின்றால் பூச்சி வருமா?

ப: வராது. முட்டை வாய்க்குள் போனால்தான் வரும்.

கே: கீரிப்பூச்சி நாயிடமிருந்து வருமா?

ப: வராது. அது மனிதப் புழு. நாயைத் திட்டாமல் நகத்தை வெட்டுங்கள்.

கே: நான் பிறவிச் சைவம். வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்தால், மூளையில் பன்றி நாடாப்புழுக் கட்டியாம். ரிப்போர்ட் மாறிப்போயிருக்குமோ?

ப: மாறியிருக்க வேண்டியதில்லை. இதில் இரண்டு வழி உண்டு. சரியாக வேகாத பன்றிக்கறியில் கட்டி (புழுவின் குஞ்சு அடங்கிய பை) இருந்து அதைத் தின்றால், குடலில் நாடாப்புழு வளரும். அந்த ஆள் மலத்தில் முட்டை போகும். அந்த முட்டை யார் வாய்க்குள் போனாலும் குஞ்சு பொரிந்து, குடலைத் துளைத்து, ரத்தத்தோடு தசைக்கோ மூளைக்கோ போய்க் கட்டியாக உட்காரும். பன்றிக்குக் கட்டி வருவதும் மனித மலத்தைத் தின்றுதான். உங்கள் கட்டிக்குக் காரணம் கறி இல்லை, கழுவாத கை. அல்லது அந்த முட்டை ஒட்டியிருந்த பச்சைக் காய்கறி.

கே: ஏற்க முடியாது. பன்றி தின்னாதவனுக்குப் பன்றிப் புழுவா?

ப: 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பன்றியைத் தொடாத ஆசாரமான யூதர்கள் நான்கு பேருக்கு மூளையில் இதே கட்டி. விசாரித்தால், அந்த வீடுகளில் வேலைக்கு இருந்தவர்களில் ஒருவர் குடலில் நாடாப்புழு. கறி தின்றால் குடலில் வரும் என்பதையும் யாரும் ஊகித்துச் சொல்லவில்லை. 1855இல் கூக்கன்மைஸ்டர் என்ற ஜெர்மானிய மருத்துவர், மரண தண்டனைக் கைதியின் சாப்பாட்டில் பன்றிக் கட்டிகளைக் கலந்து கொடுத்து, தண்டனைக்குப் பிறகு குடலை அறுத்துப் பார்த்தார். சின்னச் சின்ன நாடாப்புழுக்கள். கொடூரமான சோதனைதான், ஆனால் விஷயம் உறுதியானது.

கே: அப்படியானால் கறி தின்பவர்களுக்கு மூளையில் வராதா? நல்ல நியாயம்!

ப: வரும். குடலில் புழு இருப்பவருக்கு அவர் கையே எமன். நகம், நகம் என்று நான் அடித்துக்கொள்வது இதற்குத்தான்.

கே: கடையில் பூச்சி மாத்திரை வாங்கி நானே போட்டுக்கொள்ளட்டுமா?

ப: வேண்டவே வேண்டாம். மூளையில் கட்டி சாகும்போது சுற்றிலும் வீங்கும், வலிப்பு கூடும். அதனால்தான் டாக்டர்கள் ஸ்டீராய்டும் வலிப்பு மருந்தும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சுண்ணாம்பாக இறுகிப்போன கட்டிக்குப் புழு மாத்திரையே தேவையில்லை.

கே: வெல்லம் தின்றால் பூச்சி...

ப: மேலே பாருங்கள்.

கே: யானைக்கால் சோதனைக்கு ராத்திரியில் ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்?

ப: யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் பக்கம் பதுங்கியிருக்கும். கொசு கடிக்க வரும் இரவு நேரத்தில்தான் தோலோர ரத்தத்துக்கு வரும்.

கே: ஐயா, சைவக்காரன் மறுபடி. ரிப்போர்ட் சரியாம். வீட்டில் யாரைச் சோதிக்க வேண்டும்?

ப: எல்லோரையும், முதலில் சமைப்பவரை. வேறு வேறு நாளில் மூன்று தடவை மலம் கொடுங்கள். முட்டையை வைத்து மாட்டுக்கறியில் வரும் நாடாப்புழுவா பன்றி வகையா என்று பிரிக்க முடியாது. யாருக்காவது வெள்ளைப் பட்டையாகத் துண்டு விழுந்தால் கையுறை போட்டு எடுத்து, குப்பியில் கொண்டுவாருங்கள். அந்தத் துண்டுக்குள் இருக்கும் புழுவின் கருப்பைக் கிளைகளை எண்ணிப் பார்ப்பேன். ஒரு பக்கம் ஏழு முதல் பதின்மூன்றுக்குள் இருந்தால் பன்றி வகை.