டாஷா யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்னும் விண்கப்பல் தொடரைப் பார்க்கத் தொடங்கினேன். முதல் பருவத்தில் பாதுகாப்பு அதிகாரி டாஷா யார் (Tasha Yar) கொல்லப்படும் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டேன். ஒரு பெண் பாத்திரத்தை ஈயை அடிப்பதுபோல அடித்துப்போடுகிற தொடர் குழுவின் பிணைப்பைப் பற்றிப் பேசுவது எனக்குப் பொய்யாகப் படுகிறது. அந்தக் கப்பலில் யாரும் யாருடனும் சண்டை போடுவதில்லை என்பதும் செயற்கையாக இருக்கிறது. இதற்கு மேலும் பார்க்கத்தான் வேண்டுமா?

ம.

அன்புள்ள ம.,

எங்கள் அலுவலகத்திலிருந்து விலகிப்போன ஒருவரின் மேசையில் புதிதாக வந்தவர் தன் தண்ணீர்ப் போத்தலை வைத்ததைப் பார்த்த நாளிலிருந்து நானும் டாஷாவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் சண்டை. கதை நடக்கும் 24ஆம் நூற்றாண்டின் மனிதர்கள் தங்களுக்குள் சில்லறைப் பூசல்களில் இறங்கமாட்டார்கள் என்பது தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரி வகுத்த விதி. அதை வைத்துக்கொண்டு நாடகம் எழுதுவது எப்படி என்று எழுத்தாளர்கள் தலையில் அடித்துக்கொண்டதும் உண்மைதான். ஆனால் கூடத்தில் நின்று கத்தினால்தான் குடும்பம் என்று நம் மாலைநேரத் தொடர்கள் பழக்கிவைத்த அளவுகோலால் இதை அளக்காதீர்கள். விடுங்கள்.

டாஷாவின் சாவுக்குக் கோபப்படுகிறீர்கள், சரி. அதற்கு முந்தைய அத்தியாயங்களில் அவள் பெரும்பாலும் கப்பலின் கட்டுப்பாட்டுத் தளத்தில் நின்றபடி தகவல்தொடர்பு திறந்திருக்கிறது என்று அறிவித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கோபம் எங்கே போயிருந்தது? தனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சலித்துப்போய், நடிகை டெனிஸ் கிராஸ்பி தாமாகவே விலகக் கேட்டுக்கொண்டார். அவளுக்கு அநியாயம் நடந்தது அந்த மாதங்களில்தான். அப்போது பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு பிணத்தின் முன்னால் மட்டும் நியாயம் கேட்பது பார்வையாளர்களாகிய நம்முடைய பழைய வழக்கம். இதில் நானும் சேர்த்திதான்.

1988 ஏப்ரலில் ஒளிபரப்பான அந்த 'ஸ்கின் ஆஃப் ஈவில்' அத்தியாயத்தை, கோபம் ஆறியபின், இன்னொரு முறை பாருங்கள். நடக்கவிருக்கும் தற்காப்புக்கலைப் போட்டியில் அவள்மேல் பந்தயம் கட்டியிருப்பதாகச் சக அதிகாரி வோர்ஃப் சொல்கிறான். சற்று நேரத்தில், தார்க்குழம்பிலிருந்து எழுந்த ஓர் உருவம் ஒரே வீச்சில் அவளைக் கொன்றுவிடுகிறது. வீரமரணத்துக்கான இசையோ தியாகமோ இல்லை. அவள் பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்கும்படி கப்பலின் தலைவர் பிக்கார்ட் வோர்ஃபிடமே சொல்கிறார். பந்தயம் கட்டியவனே அவள் இடத்துக்கு வருகிறான். இறுதியில், அவள் முன்கூட்டியே பதிவுசெய்து வைத்திருந்த விடைபெறும் செய்தியைக் கேட்டு முடித்தபின், எந்திர மனிதனான டேட்டா மட்டும் தயங்கி நிற்கிறான். அவளில்லாமல் எவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று தன்னைப் பற்றியே எண்ணம் ஓடுகிறதே, இந்த நிகழ்ச்சியின் பொருளைத் தவறவிட்டேனா என்று கேட்கிறான். இல்லை, சரியாகவே பிடித்துக்கொண்டாய் என்கிறார் பிக்கார்ட்.

ஒரு குழு எப்படிப்பட்டது என்பதை, கூடியிருக்கும்போது அவர்கள் சிரித்துக்கொள்வதை வைத்து நான் முடிவுசெய்வதில்லை. போனவரை எத்தனை காலம், எந்த இண்டு இடுக்கில் வைத்திருக்கிறார்கள் என்றே பார்ப்பேன். 1989 பிப்ரவரியில் வந்த 'தி மெஷர் ஆஃப் எ மேன்' அத்தியாயத்தில் டேட்டா மனிதனா, கப்பற்படையின் உடைமையா என்று ஒரு விசாரணை நடக்கிறது. டேட்டா உடைமைதான் என்று வாதாடும் கட்டாயம் நண்பனும் கப்பலின் துணைத்தலைவனுமான ரைக்கருக்கே நேர்கிறது. அவன் டேட்டாவின் கையைக் கழற்றிக் காட்டுகிறான், முதுகிலுள்ள பொத்தானை அழுத்தி அணைத்தும் காட்டுகிறான். பிறகு பிக்கார்டின் முறை. டேட்டாவின் பெட்டியிலிருந்து பதக்கங்களையும் ஒரு புத்தகத்தையும் எடுத்தபின் கடைசியாக ஒரு சிறு பொருளை எடுத்து வைக்கிறார். தொட்டதும் டாஷாவின் உருவம் ஒளியாக எழுந்து நிற்கிறது. செத்து ஓராண்டு ஆகப்போகிறவள், தோழனுக்கு உயிர் இருக்கிறது என்பதற்குச் சாட்சியாக வருகிறாள். அவளை அடித்துப்போட்டுவிட்டுப் போனார்கள் என்றா சொல்கிறீர்கள்?

நான் இந்தத் தொடரை வரிசையாகப் பார்த்தவனில்லை. வாடகைக் கடையில் கிடைத்த குறுந்தகடுகளை, மார்க்கரால் எழுதிய எண்கள் அழிந்துபோனவற்றை, கைக்கு வந்தபடி எடுத்துவந்து பார்த்தேன். நான் முதலில் பார்த்தது மூன்றாம் பருவத்தின் 'யெஸ்டர்டேஸ் என்டர்பிரைஸ்', 1990இல் வந்தது. காலம் தடம்மாறிய கணத்தில் தளத்தின் விளக்குகள் மங்கி, வோர்ஃப் நின்ற அதே இடத்தில் ஒரு பெண் நிற்கிறாள். அவள் யார் என்று எனக்குத் தெரியாது. கைனன் என்னும் விருந்துக்கூடப் பணிப்பெண் அவளிடம், வேறொரு காலத்தில் நீ பொருளற்ற ஒரு சாவு செத்தாய் என்று சொல்கிறாள். அவள் அழுது புலம்பாமல், கடந்த காலத்துக்கே சாகத் திரும்பும், மீண்டு வர வழியில்லாத பழைய கப்பலுக்குத் தன்னை மாற்றும்படி பிக்கார்டிடம் கேட்கிறாள். சாவது என்றால் அதற்கு ஒரு பொருள் இருக்கட்டும் என்று. இரண்டு ஆண்டுகள் கழித்தே அவளுடைய அந்த முதல் சாவு என் கைக்குக் கிடைத்தது. அதைப் பார்த்தபோது எனக்குக் கோபமே வரவில்லை. இவளுக்காகத் திரும்பிவரப் போகிறார்கள் என்று தெரிந்திருந்தது. எழுதியவர்கள் தங்கள் பிழையைத் தாங்களே கதையாக்கி, செத்தவளின் காதுபடவே ஒப்புக்கொண்டதை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை. (பிற்பாடு அவளுக்கு செலா என்று ஒரு மகளைக் கண்டுபிடித்து, அதே நடிகையை வில்லியாக நிறுத்தினார்கள். அதை நான் மன்னிப்பதாக இல்லை.)

மேலே பார்ப்பதா என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? அந்த மூன்றாம் பருவத்து அத்தியாயம் வரையிலாவது பாருங்கள். காலம் பழையபடி சீரானபின், வோர்ஃப் தன் இடத்தில் நிற்கிறான், எவருக்கும் எதுவும் நினைவில்லை. இரண்டாம் பருவத்தில்தான் கப்பலுக்கு வந்தவளான கைனன் டாஷாவை ஒருநாளும் சந்தித்ததில்லை. அவள் கப்பலின் பொறியாளன் ஜோர்டியின் எதிரில் வந்து உட்கார்ந்து, டாஷா யாரைப் பற்றிச் சொல்லேன் என்கிறாள். அந்தப் பெயர் தமிழில் தானாகவே ஒரு கேள்வியாகிவிடுவதால், அந்த இடத்தில் எனக்கு மட்டும் அது இரண்டு முறை கேட்கிறது.