கைபேசித் தரவு எந்த வழியாகப் போகிறது? திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (உப்புவெளி): நான் இருப்பது உப்புவெளியில். என் ஐபி முகவரியைத் தேடினால் கொழும்பு என்று காட்டுகிறது. யாரேனும் என் இணைப்புக்குள் புகுந்துவிட்டார்களா?

பதில்: பயப்பட ஒன்றுமில்லை. முகவரியைத் தருவது உங்கள் ஊர்க் கோபுரம் அன்று. 4ஜியில் அதைத் தருவது மைய வலையமைப்பிலுள்ள பி.ஜி.டபிள்யூ என்னும் நுழைவாயில். உங்கள் பொதிகள், அதாவது சிறு துண்டுகளாகப் போகும் உங்கள் தரவு, இணையத்தில் இறங்குவதும் அங்கேதான். வெளியே இருப்பவருக்குக் கோபுரமே தெரியாது.

கேள்வி (கிண்ணியா): அண்ணா, பஸ்ஸில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து நகரத்துக்கு வருவதற்குள் கோபுரங்கள் மாறிவிடுகின்றன. வாட்ஸ்அப் அழைப்பு மட்டும் அறுவதில்லையே, எப்படி?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. உங்களுக்கு வரும் பொதியை பி.ஜி.டபிள்யூ பிரிப்பதில்லை; அப்படியே இன்னோர் உறைக்குள் இட்டு, எஸ்.ஜி.டபிள்யூ என்னும் அடுத்த நுழைவாயிலுக்கு அனுப்புகிறது. அது புதிய உறையிட்டுக் கோபுரத்துக்கு அனுப்புகிறது. இந்த முறைக்குப் பெயர் ஜி.டி.பி. உறையின் மேல் 32 பிட் சுரங்கப்பாதை எண் ஒன்று இருக்கும். அது யாருடைய பொதி என்பதை அந்த எண்ணே சொல்லும். நடுவிலுள்ள ரவுட்டர்கள் உறையின் மேலுள்ள முகவரியை மட்டுமே பார்க்கின்றன.

கோபுரம் மாறியதும் புதிய கோபுரம் எம்.எம்.இ என்னும் கட்டுப்பாட்டுக் கணினிக்கு அறிவிக்கிறது. "இனி இந்தக் கோபுரத்துக்கு அனுப்பு" என்று அது எஸ்.ஜி.டபிள்யூவுக்குக் கட்டளையிடுகிறது. பழைய கோபுரத்தில் தேங்கிய பொதிகளும் புதியதற்குக் கைமாற்றப்படுகின்றன. மாறியது உறையின் முகவரி மட்டுமே. உங்கள் ஐபி மாறவில்லை. ஆகவே வாட்ஸ்அப்புக்கு எதுவும் தெரியாது. எம்.எம்.இ வழியாக உங்கள் தரவு ஒரு பைட்கூடப் போவதில்லை. கட்டளைக்கு ஒரு பாதை, தரவுக்கு ஒரு பாதை என்ற இந்தப் பிரிப்பே இந்த அமைப்பின் ஆகச் சிறந்த யோசனை என்பேன்.

கேள்வி (அதே வாசகர்): உறையிட்டால் பொதி பெருத்துவிடாதா?

பதில்: பெருக்கும். உறையில் மூன்று தலைப்புகள், அதாவது பொதியின் முன்னால் சேரும் விவரக் குறிப்புகள், உண்டு: ஐபிவி4 தலைப்பு 20, யூ.டி.பி 8, ஜி.டி.பி 8, ஆகக் குறைந்தது 36 பைட். இதற்கு இடம் விடாமல் வலையமைப்பை அமைத்தால் சிறிய பொதிகள் போகும், பெரிய பக்கங்கள் பாதியில் நிற்கும்.

கேள்வி (மூதூர்): 4ஜி ரவுட்டரில் பொருத்திய கண்காணிப்புக் கமராவை வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை.

பதில்: ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், அது பலர் பகிரும் பொது முகவரிக்குப் பின்னால் இருக்கிறது; வெளியிலிருந்து தொடங்கும் இணைப்பு உங்கள் ரவுட்டரை வந்தடையாது. நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கேளுங்கள்.

கேள்வி (நிலாவெளி): கனடாவிலிருந்து வந்த மச்சான் ரோமிங்கில் இருக்கிறார். சிக்னல் நிறைய, வேகம் இல்லை. ஏன் ஐயா?

பதில்: ரோமிங்கில் பெரும்பாலும் அவரது பொதி கனடாவிலுள்ள அவருடைய நிறுவனத்தின் நுழைவாயில்வரை போய்த்தான் இணையத்தில் இறங்கும். கொழும்பிலுள்ள தளத்தைத் திறந்தாலும் அதே சுற்றுத்தான். உள்ளூர் சிம் ஒன்றை வாங்கிப் போடச் சொல்லுங்கள்.