மகன் கார் வயரிங் வேலைக்குப் போகலாமா?

அம்மா, கிரேட் 9 படிக்கும் மகன் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஆவேன் என்கிறான், விடலாமா என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இது கிரீஸ் வேலை இல்லை. பழுதைத் தேடும் வேலை. தேடும் பொறுமை அவனுக்கு உண்டா என்பதை ஒரு சனிக்கிழமையில் நீங்களே பார்த்துவிடலாம்.

வீட்டில் பழைய சிட்டி கோல்ஃபோ டொயோட்டா டாஸோ இருந்தால் போதும். டர்பன் கடல்காற்றில் எர்த் இணைப்புகள் (மின்சாரம் கார் உடம்பு வழியே பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இடங்கள்) துருப்பிடிக்கும், செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறும், ஹெட்லைட் மங்கும். அப்போது உடனே புது பல்பு வாங்கச் சொல்கிறானா, அளந்து பார்க்கிறானா?

அளப்பது எளிது. லைட் எரியும்போதே மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மற்றதை லைட்டின் எர்த்திலும் தொட வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அரை வோல்ட்டுக்கு மேல் போனால் போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து முறுக்க வேண்டும். பிறகு பேட்டரி பிளஸுக்கும் லைட்டின் பிளஸுக்கும் நடுவே இதே சோதனை. அங்கே இழப்பு இருந்தால் சுவிட்ச், கனெக்டர், ஃபியூஸ் பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தேடலாம். மின்தடையை அளக்கும் வெறும் ஓம் சோதனையை நம்பக் கூடாது: கம்பியின் இருபது இழையில் ஒன்றே மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 'நல்லது' என்றுதான் சொல்லும், 55 வாட் பல்பு கேட்கும் நாலரை ஆம்பியரை அந்த ஓர் இழை தாங்காது. (ஆம்பியரில் வைத்த மீட்டரை பேட்டரியின் இரு முனையிலும் தொட்டு அதன் ஃபியூஸை எரிக்காத மாணவர் குறைவு. திட்டாதீர்கள்.)

கம்பியைச் சரிசெய்யும்போது பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, கறுத்த பகுதியைச் செம்பு மின்னும் இடம்வரை வெட்டி, அதே தடிமன் கம்பியை கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் வைத்து நசுக்கி இணைத்து), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூட்டில் சுருங்கும் உறை, போட வேண்டும். டேப் மட்டும் சுற்றினால் ஈரம் உள்ளே போய்விடும். ஈயம் உருக்கி ஒட்டினால் அந்த இடம் விறைத்து, அதிர்வில் ஓரத்தில் ஒடியும். 10 ஆம்பியர் ஃபியூஸ் எரிகிறதென்று 20 போடும் பையனாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்: அடுத்து எரிவது கம்பிதான். மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குடையவை. அவற்றை அவன் தொடவே வேண்டாம்.

மின்சாரக் கார் வந்தால் வேலை போகுமா என்றும் கேட்டீர்கள். டர்பனில் டொயோட்டாவின் புரோஸ்பெக்டன் ஆலையில் 2021 முதல், பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கொரோலா கிராஸ் தயாராகிறது. அதன் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிளுக்குத் தனிப்பயிற்சி வேண்டும், ஆனால் 12 வோல்ட் வயரிங் அதிலும் உண்டு.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று: கிரேட் 10-இல் மேத்ஸ் லிட்டரசி என்ற எளிய அன்றாடக் கணக்குப் பாடத்தை எடுக்காமல் மேதமேட்டிக்ஸையே எடுக்கட்டும். பிறகு டிவெட் எனும் தொழிற்கல்விக் கல்லூரியில் பாடம், பட்டறையில் அப்ரென்டிஸ்ஷிப் (வேலை பார்த்தபடி பயிற்சி), முடிவில் டிரேட் டெஸ்ட் என்ற தொழில் தேர்வு. பட்டறைக்காரர் "நாளைக்கே வரட்டும்" என்பார். இந்தத் துறையின் பயிற்சி அமைப்பான மெர்செட்டாவில் பதிவான அப்ரென்டிஸ்ஷிப் ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்த்த பிறகே அனுப்புங்கள். இல்லையென்றால் அவன் அங்கே வெறும் எடுபிடிதான்.