அயர்லாந்தின் நாட்டுப்புறக் கதைகளும் நம்பிக்கைகளும் இன்றுவரை எப்படி அழியாமல் இருக்கின்றன?

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில், ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக இருக்கிறேன். வந்த முதல் வருடம் மே மாதத்தில், வேலியோரம் வெள்ளை வெளேரென்று பூத்திருந்த ஹாதார்ன் முள்மரத்தில் ஒரு கிளையை ஒடித்து வந்து, தொண்ணூறைக் கடந்த ஒரு பாட்டியின் ஜன்னலில் வைத்தேன். அவர் முகமே மாறிவிட்டது. "இதை வெளியே கொண்டுபோயிடும்மா. இந்தப் பூ வீட்டுக்குள்ள வந்தா சாவு வரும்" என்றார். மறுநாள் அவரே கூப்பிட்டு, "எங்க அக்கா இந்த மாதிரி விஷயமெல்லாம் பள்ளிக்கூட நோட்டுல எழுதியிருக்கா" என்றார்.

என்ன நோட்டு என்று தேடிப் போனபோதுதான் இந்தக் கதை முழுக்கத் தெரிந்தது.

1935-இல் அரசு ஒரு நாட்டுப்புறவியல் ஆணையத்தை அமைத்தது. இயக்குநர் ஷேமஸ் ஓ டூலர்கா. சேகரிப்பாளர்கள் ஊர் ஊராகப் போய், எடிஃபோன் கருவியின் மெழுகு உருளைகளில் கதைசொல்லிகளின் குரலைப் பதிந்தார்கள். கேட்டு எழுதி முடித்ததும், செலவைக் குறைக்க உருளையைச் சீவிவிட்டு அடுத்த கதைக்கு எடுத்துக்கொள்வார்கள். எழுத்து தங்கியது, பெரும்பாலான குரல்கள் போய்விட்டன. நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களால் நாடு முழுக்கக் கேட்டு முடியுமா? 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளை இறக்கினார்கள். புதையல், கைவைத்தியம், புனிதக் கிணறு, கொல்லுப்பட்டறை, பஞ்சகாலம் என்று தலைப்புகள். பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களையும் அக்கம்பக்கத்துக் கிழவர்களையும் கேட்டு எழுதி வந்தார்கள். பல பக்கங்களின் அடியில் சொன்னவர் பெயர், வயது, ஊர் இருக்கும். எனக்கு அதுதான் பெரிய விஷயம். ஊர் பேர் தெரியாத "முன்னோர்" அல்ல, இன்ன ஊரில் இருந்த இன்ன மனுஷி.

அந்த நோட்டுகள் இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் தேசிய நாட்டுப்புறவியல் தொகுப்பில் இருக்கின்றன. 2017-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அந்தத் தொகுப்பு சேர்ந்தது. 'டூகஸ்' இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். கையெழுத்துப் பக்கங்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து தருகிறார்கள், நீங்களும் சேரலாம்.

காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 1999-இல் இதே கிளேரில், லட்டூன் என்ற இடத்தில், புதுச் சாலைக்காக ஒரு ஹாதார்ன் மரம் போகவிருந்தது. அது "நல்லவர்கள்" கூடும் இடம் என்று கதைசொல்லி எடி லெனிஹன் வாதாடினார். (ஃபேரி எனும் மாயக்கூட்டத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். பெரியவர்கள் அவர்களை நேராகப் பெயர் சொல்ல மாட்டார்கள்.) மரத்தை விட்டுவைத்துத்தான் சாலை போட்டார்கள்.

பாட்டியின் அக்கா எழுதிய பக்கமும் கிடைத்தது. வெண்ணெய் கடையும்போது வீட்டுக்குள் வருகிறவர் தானும் கொஞ்சம் கடைந்துவிட்டுத்தான் போக வேண்டும், இல்லையென்றால் வெண்ணெய் அவரோடு போய்விடும் என்று எழுதியிருந்தார். வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், "ஒண்ணை விட்டுட்டா. கடையற பீப்பாய்க்கு அடியில ஆச்சி ஒரு நெருப்புக் கங்கு வைப்பாங்க" என்றார்.

அதை அவர் பெயர், வயது, ஊர், அன்றைய தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.