பாமசி மாணவர்களுக்கு ஆங்கிலம்: புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: வவுனியாவில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். மருந்தாளர் பயிற்சியில் இருக்கும் 20 பேருக்கு 40 மணித்தியால ஆங்கிலப் பாடநெறி ஒன்று நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் ஏ.எல். வரை தமிழில் படித்தவர்கள். எனக்கு மருந்துகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெளிநாட்டில் அச்சான பாமசி ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் தந்திருக்கிறார்கள். அதையே வைத்து நடத்தலாமா?

பதில்: முதலில் அதன் பொருளடக்கத்தைப் பாருங்கள். இந்த வகைப் புத்தகங்களில் பலவும் நோயாளியோடு ஆங்கிலத்தில் கதைக்கத்தான் பழக்குகின்றன. உங்கள் மாணவி நெடுங்கேணியிலிருந்து வரும் அம்மாவோடு தமிழில்தான் கதைக்கப் போகிறார். வவுனியா தெற்கு என்றால் சிங்களம் வேண்டும். அவருக்கு ஆங்கிலம் தேவைப்படுவது வேறு இடங்களில்: டொக்டரின் மருந்துத் துண்டு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள், தமிழ் தெரியாத டொக்டரோடு போன், பரீட்சை. ஆங்கிலத்தில் வாசித்ததைத் தமிழில் சரியாகச் சொல்வதுதான் அன்றாட வேலை. பாடநெறியை அதைச் சுற்றிக் கட்டுங்கள்.

வகுப்புத் தொடங்க முன்னர் அனுமதி கேட்டு ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்திலும் ஒரு தனியார் பாமசியிலும் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். கைமாறும் ஆங்கிலத் தாள்களில் எல்லாம் ஒவ்வொன்று சேகரியுங்கள். நோயாளியின் பெயர், விபரம் தெரியாமல் மறைத்த பிறகே பிரதி எடுக்க வேண்டும். ஹட்சின்சன், வோட்டர்ஸ் என்ற இருவர் 1987இல் மாணவர் தேவையை மூன்றாகப் பிரித்தார்கள்: வேலைக்கு அவசியமானது, இப்போது குறையாக இருப்பது, மாணவர் விரும்புவது. மூன்றாவதை ஒதுக்கிவிடாதீர்கள். வெளிநாடு போகும் கனவு சிலருக்கு இருக்கும். வெளிநாட்டில் வேலை செய்யப் போகும் மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சையான ஓ.ஈ.ரி.யில் மருந்தாளருக்கென்றே எழுத்தும் பேச்சும் தனியாக உண்டு. நோயாளியோடு ஆங்கிலத்தில் கதைக்கும் பயிற்சி அங்கே உதவும். உங்கள் புத்தகத்தின் சில அத்தியாயங்களை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

நேரத்தில் பாதியை மருந்துப் பெட்டித் தாளுக்கே கொடுப்பேன். அதில் சொற்களைவிட எச்சரிக்கையின் படிகள்தான் சிக்கல். 'கொன்ட்ரா-இன்டிகேற்றட்' என்றால் கொடுக்கவே கூடாது. 'ஷுட் பி அவொய்டட்' என்றால் முடிந்தவரை தவிர்க்க வேண்டும். 'யூஸ் வித் கோஷன்' என்றால் கவனித்துக்கொண்டு கொடுக்கலாம். தொடக்கத்தில் மாணவர்கள் மூன்றுக்கும் 'கூடாது' என்றே எழுதுவார்கள். அதைக் கேட்ட நோயாளி தேவையான குளிசையை நிறுத்திவிடுவார். நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபோமினின் தாள் நல்ல பயிற்சி: சிறுநீரகம் மோசமாகப் பழுதானவருக்கு, அதாவது சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈ.ஜி.எவ்.ஆர். அளவு 30க்குக் கீழே போனவருக்கு, அது கூடாது. ஓரளவு பழுது என்றால் டோஸைக் குறைக்கச் சொல்லும். சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறபடியால் இந்த வித்தியாசம் வெறும் இலக்கணம் இல்லை.

அடுத்தது போன். துண்டில் சந்தேகம் வந்தால் டொக்டரைக் கேட்க வேண்டும். பலர் ஆங்கிலத்துக்குப் பயந்தே கேட்காமல் விடுகிறார்கள். மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்சேற் கிழமைக்கு ஒரு தடவைதான். துண்டில் தினமும் என்று இருந்து, அப்படியே கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஒரு சின்ன ஒழுங்கைப் பழக்குங்கள்: நான் யார், எங்கிருந்து கதைக்கிறேன், துண்டில் என்ன எழுதியிருக்கிறது, என் சந்தேகம் என்ன. "டொக்டர், மெதோட்ரெக்சேற் இஸ் ரிட்டன் டெய்லி. குட் யூ ப்ளீஸ் கன்ஃபேர்ம்?" இவ்வளவு போதும், அலங்காரம் வேண்டாம். டொக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தியே போனை வைக்க வேண்டும். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் போனில் ஒன்றாகவே கேட்கும். 'வன் ஃபைவ்', 'ஃபைவ் சீரோ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லப் பழக்குங்கள். தைரொயிட்டுக்குக் கொடுக்கும் காபிமசோலும் வலிப்புக்குக் கொடுக்கும் காபமசிபீனும் இதே பிரச்சினைதான். உச்சரிப்புக்கு ஒதுக்கும் நேரத்தை இப்படியான சோடிகளில் செலவழியுங்கள். ஆங்கிலேயர் மாதிரிப் பேசத் தேவையில்லை.

துண்டில் வரும் மானே (காலை), நொக்டே (இரவு), பி.டி. (நாளுக்கு இரண்டு தடவை), ரி.டி.எஸ். (நாளுக்கு மூன்று தடவை) போன்ற சுருக்கங்களைக் கவுன்ரரில் நின்றாலே பிடித்துக்கொள்வார்கள். ஒரு வகுப்புப் போதும். ஆனால் எழுதும்போது அரை மில்லிகிராமை 0.5 என்று முன்னால் பூச்சியம் போட்டும், ஐந்தை 5.0 என்று பின்னால் பூச்சியம் போடாமலும் எழுதப் பழக்குங்கள். புள்ளி மங்கினால் டோஸ் பத்து மடங்காகிவிடும்.

மருந்து தெரியாது என்று கவலைப்படாதீர்கள். மாணவர்களுக்கு அது தமிழில் ஓரளவு தெரியும். இந்தக் குளிசை என்ன செய்யும் என்று அவர்களிடமே கேளுங்கள், விளக்கும்போது ஆங்கிலம் தானாக வரும். டோஸ் பற்றிய சந்தேகத்துக்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லக் கூடாது. மருந்தாளர் ஒருவரை மாதம் ஓரிரு தடவையாவது வகுப்புக்குக் கூப்பிடுங்கள்.

கடைசிச் சோதனைக்கு வெற்றிடம் நிரப்பும் தாள் வேண்டாம். பார்த்திராத மருந்துத் தாள் ஒன்றைக் கொடுத்து 15 நிமிடம் வாசிக்க விடுங்கள். பிறகு சிறுநீரக நோயுள்ள ஓர் அம்மாவாக நீங்கள் இருந்து தமிழில் கேள்வி கேளுங்கள். அந்த மருந்தாளர் அடுத்த அறையிலிருந்து டொக்டராகப் போனில் கதைக்கட்டும். புள்ளியை இருவரும் சேர்ந்து போடுங்கள்.