வாடகை பாக்கிக்காக ஹவுஸ் ஓனர் வீட்டைத் திறந்து சாமான்களை எடுத்துப் போகலாமா?

கேள்வி: சென்னையில் வாடகைக்கு இருக்கிறேன். இரண்டு மாத வாடகை பாக்கி. ஊருக்குப் போயிருந்தபோது ஓனர் தன்னிடம் இருந்த சாவியால் வீட்டைத் திறந்து டி.வி.யையும் வாஷிங் மெஷினையும் எடுத்துப் போய்விட்டார். ஒப்பந்தமும் பதிவு செய்யவில்லை. சட்டப்படி எனக்கு வழி இருக்கிறதா?

இருக்கிறது. பாக்கி வைத்திருப்பதோ ஒப்பந்தம் பதிவாகாததோ உங்கள் கையைக் கட்டிவிடாது. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

வாடகை வரவில்லை என்றால் ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் கதவைத் திறந்து சாமானைத் தூக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. வீடு அவருடையதுதான், ஆனால் நீங்கள் குடியிருக்கும்வரை அதன் அனுபவ உரிமை உங்களிடம். 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, பழுதுபார்க்கவோ வீட்டைப் பார்வையிடவோ உள்ளே வருவதென்றால்கூட 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

என் தங்கைக்குப் போன வருடம் புறநகரில் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. வேலை முடிந்து வந்து பார்த்தால் தையல் மெஷினும் மிக்சியும் பீரோவில் இருந்த பட்டுப்புடவைகளும் காணோம். கீழ்வீட்டில் இருக்கும் ஓனரிடம் கேட்டதற்கு, "பாக்கியைக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போ" என்று பதில். காவல் நிலையத்துக்குப் போனால், "ஏம்மா, இது சிவில் மேட்டர். கோர்ட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். உங்களுக்கும் அநேகமாக இதைத்தான் சொல்வார்கள். வாடகை பாக்கி சிவில் விவகாரம், சரி. ஆள் இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்து பொருளை எடுத்தது குற்றவியல் விவகாரம். இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் வீட்டுக்குள் அத்துமீறி நுழைவதற்குப் பிரிவு 329 இருக்கிறது. குடியிருக்கும் வீட்டில் திருடுவது பிரிவு 305, அதற்கு ஏழு ஆண்டுவரை சிறை. "திருடவில்லை, கடனுக்குத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்" என்று ஓனர் சொல்வார். கடனைக் கட்ட வைப்பதற்காகக் கடனாளியின் பொருளை எடுத்துப்போவதும் திருட்டுதான் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 1895-லேயே சொல்லிவிட்டது.

அதனால் புகாரை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தங்கை எழுதிப் போன புகாரில் தண்ணீர் மோட்டார் சண்டை, பெயின்ட் அடித்த காசு, ஓனரம்மா பேசிய பேச்சு என்று நாலு பக்கம். படிக்கிறவருக்கு அது குடித்தனச் சண்டையாகத்தான் தெரியும். எங்களுக்குத் தெரிந்த வக்கீல் அதை ஒரே பக்கமாக்கிக் கொடுத்தார்: இன்ன தேதி, இன்ன நேரத்துக்குள், நான் வீட்டில் இல்லாதபோது, என் சம்மதமில்லாமல் பூட்டைத் திறந்து நுழைந்து கீழ்க்கண்ட பொருட்களை எடுத்துச் சென்றார். அதன் கீழே பட்டியல். "தையல் மெஷின்" என்று மட்டும் எழுதாமல், கறுப்பு நிறம், மோட்டார் வைத்தது, மேசைப் பலகையின் வலது ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு என்று எழுதச் சொன்னார். நீங்களும் டி.வி.யின் பில், சீரியல் எண், அது வீட்டில் இருக்கும் பழைய போட்டோ எல்லாவற்றையும் தேடி எடுங்கள். ஓனர் எடுத்ததை ஒத்துக்கொண்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அதுவே பெரிய சாட்சி. ஸ்கிரீன்ஷாட் போதும் என்று போனை மாற்றிவிடாதீர்கள், அசல் செய்தி அந்தப் போனிலேயே இருக்கட்டும்.

புகார் கொடுத்ததும் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, சென்னை என்பதால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு, அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட, குற்றவியல் நடைமுறைக்கான பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் பிரிவு 175(3) இருக்கிறது.

தங்கை விஷயத்தில் ரசீது போட்டு ஓனரை ஸ்டேஷனுக்கு அழைத்ததுமே சாமான்கள் வந்துவிட்டன. அங்கே இன்னொன்று கவனிக்க வேண்டும். "எல்லாம் பெற்றுக்கொண்டேன், புகாரை வாபஸ் வாங்குகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அவள் ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்துப் பார்த்தாள். மெஷின் இருந்தது, அதன் மோட்டாரும் பெடலும் இல்லை. அதையும் எழுதித்தான் கையெழுத்துப் போட்டாள். இரண்டும் மறுநாள் வந்து சேர்ந்தன.

இனி சிவில் பக்கம். நீங்கள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்றால், ஓனர் மறுபடி நுழையாமல் தடை உத்தரவும், பொருளைத் திருப்பித் தரவோ நஷ்ட ஈடு கொடுக்கவோ உத்தரவும் கேட்டு வழக்குப் போடலாம். வேறு பூட்டுப் போட்டு உங்களை வெளியே நிறுத்திவிட்டால் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (Specific Relief Act) 1963-ன் பிரிவு 6-ஐத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் வீட்டைத் திரும்பக் கேட்க அது வழி செய்கிறது. வீடு யாருடையது என்ற கேள்வியே அங்கே எழாது, ஒப்பந்தம் பதிவாகாததும் தடையில்லை, தீர்ப்புக்கு அப்பீலும் கிடையாது. ஆனால் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று இழுத்தடித்தே அந்த ஆறு மாதத்தைத் தின்றுவிடும் ஓனர்கள் உண்டு. குடியிருப்பவரைச் சட்டத்தின் வழியாக மட்டுமே வெளியேற்ற முடியும் என்பதை உச்ச நீதிமன்றம் 1989-ல் கிருஷ்ணா ராம் மஹாலே வழக்கிலும் 2004-ல் ரமே கவுடா வழக்கிலும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பூட்டிய வீட்டுக்குள் சாமான்கள் சிக்கியிருந்தால் நீதிமன்றம் நியமிக்கும் வக்கீலான அட்வகேட் கமிஷனரை அனுப்பிப் பட்டியல் எடுக்கவும் நீதிமன்றத்தைக் கேட்கலாம். கரன்ட், தண்ணீரை நிறுத்தினால் அதற்கு, வாடகைச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பாக்கி. அதை வைத்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். இரண்டு மாத பாக்கி உங்களைக் காலி செய்யக் கேட்க அவருக்குச் சட்டம் தரும் காரணம். கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்கில் போடுங்கள். வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்ட வழி உண்டு. கோபத்தில் ஓனர் போட்ட பூட்டை உடைப்பது, அவர் வீட்டுக்குள் போய் டி.வி.யைத் தூக்கி வருவது, இரண்டும் வேண்டாம். எதிர்ப்புகார் கொடுக்க அவர் அதற்காகத்தான் காத்திருப்பார்.

வக்கீல் செலவு பயமுறுத்தினால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.