எரிஞ்சுபோன வால்வை வீட்லயே மாத்த முடியுமா? (கார்புரேட்டர் மாருதி 800)

முடியும் அண்ணாச்சி. ஆனா பாதி வேலைதான் வீட்ல, மீதி லேத்து பட்டறையில.

நீங்க கேட்டது 96 மாடல் 800, ஐடில்ல வண்டி நடுங்குது, சைலன்சர்ல புஸ் புஸ்னு விட்டு விட்டு அடிக்குது, ஒர்க்‌ஷாப்ல வால்வ் போயிட்டுன்னு சொல்லி இன்ஜினையே இறக்கணும்னு சொல்லுதாங்க, அவ்வளவுதான? வால்வுக்காக இன்ஜினை இறக்க வேண்டிய அவசியமே இல்ல. 796 சிசி, மூணு சிலிண்டர், மொத்தமே ஆறு வால்வு (காத்து உள்ள வரவும் புகை வெளிய போகவும் திறந்து மூடுதது), எல்லாம் ஹெட்டுக்குள்ள, அதாவது சிலிண்டருக்கு மேல மூடியா இருக்க பாகத்துக்குள்ள இருக்கு, ஹெட்ட மட்டும் தூக்குனா போதும், அலுமினியம்தான், ஒரு ஆளே தூக்கிருவான்.

முதல்ல வால்வுதானான்னு பாத்துக்கிடுங்க. எங்க சித்தப்பா பேட்டையில ஒர்க்‌ஷாப் வச்சிருந்தவங்க, அங்க லீவு முழுக்க கெடந்து பழகுன ஆளு நான், அவங்க கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) பாக்காம ஒரு போல்ட்ல ஸ்பேனர் போட விடமாட்டாங்க. மூணு பிளக்கையும் கழட்டி, இக்னிஷன் காயில் வயரை உருவி விட்டு, ஒவ்வொரு பிளக் ஓட்டையிலயா கம்ப்ரெஷன் கேஜ மாட்டி, ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சுக்கிட்டு செல்ஃப் அடிச்சு எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க. ரெண்டு சிலிண்டர் 160 பிஎஸ்ஐ கிட்ட காட்டி ஒண்ணு மட்டும் 60, 70ல நின்னா அந்த பிளக் ஓட்டையில ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ஏறுச்சுன்னா பிஸ்டன் ரிங்கு, ஏறலைன்னா வால்வு இல்லனா ஹெட் கேஸ்கெட்டு (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்க அடைப்புத் தகடு). இன்னும் சந்தேகம்னா அந்த சிலிண்டர் பிஸ்டனை, ரெண்டு வால்வும் மூடியிருக்க கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக் உச்சிக்கு கொண்டுவந்து வச்சு, பஞ்சர் கடை கம்ப்ரசர்ல காத்து விட்டுப் பாருங்க, சைலன்சர்ல உஸ்ஸுன்னு வந்தா எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர்ல வந்தா இன்லெட்டு, ரேடியேட்டர்ல குமிழி வந்தா கேஸ்கெட்டு. உங்க சத்தத்தைப் பாத்தா எக்ஸாஸ்ட்டாத்தான் இருக்கும்.

யூடியூப்ல பிளக் ஓட்டை வழியா கயிறு திணிச்சு ஹெட்ட கழட்டாமலே வேலை பாக்குத வீடியோ இருக்கும், அது வால்வ் சீலும் ஸ்பிரிங்கும் மாத்ததுக்கு. வால்வு கீழ் பக்கமாத்தான் வெளிய வரும், அதுக்கு ஹெட் எறங்கியே ஆகணும்.

இன்னொண்ணு, ஆனி ஆடியில இந்த வேலையத் தொடாதிய. நம்ம ஊர் காத்து தெரியும்லா, வாசல்ல வச்சுத் திறந்தியன்னா சாயங்காலத்துக்குள்ள சிலிண்டர் பூரா மண்ணுதான். வேற வழி இல்லைனா செட்டுக்குள்ள வச்சு பாருங்க, திறந்த சிலிண்டர்ல சுத்தமான துணி அடைச்சு வைங்க.

கழட்டுறதுல பெருசா ஒண்ணுமில்ல. இன்ஜின் நல்லா ஆறட்டும், சூட்டோட ஹெட் போல்ட்ட லூஸ் பண்ணா அலுமினியம் வளைஞ்சிரும். பேட்டரி வயரை எடுங்க, தண்ணியை வடிங்க, டைமிங் பெல்ட்ட (கிராங்கையும் கேம்ஷாஃப்டையும் சேத்து சுத்துத பெல்ட்டு) கழட்டுததுக்கு முன்னாடி டைமிங் மார்க்க நேரா கொண்டுவந்து போட்டோ எடுத்துக்கிடுங்க. போல்ட்ட ஓரத்துல இருந்து நடுவுக்கு கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணணும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் நட்டுதான் பாடாப் படுத்தும், முந்துன நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடிச்சு விட்ருங்க.

ஹெட்ட பெஞ்சுல வச்சு கேம்ஷாஃப்ட், ராக்கர் எல்லாம் வரிசை மாறாம எடுத்து வைங்க. ஒரு அட்டையில ஆறு ஓட்டை போட்டு நம்பர் எழுதி வால்வ அதுல சொருகிட்டா குழப்பமே இல்ல. வால்வ் ஸ்பிரிங் கம்ப்ரசர் வாடகைக்குக் கேட்டுப் பாருங்க, ஸ்பிரிங்க அமுக்கும்போது வால்வு தண்டுல ஸ்பிரிங்க பிடிச்சு நிறுத்துத ரெண்டு சின்ன காலர் துள்ளி ஓடும், அதனால கீழ ஒரு பழைய சாரத்த விரிச்சுக்கிடுங்க, மணல்ல விழுந்தா அம்புட்டுதான். எரிஞ்ச வால்வ பாத்த உடனே தெரியும், விளிம்புல ஒரு பக்கம் மட்டும் எலி கடிச்ச மாதிரி இருக்கும்.

இப்ப லேத்து. வால்வு தண்ட கைடுக்குள்ள (தண்டு ஏறி இறங்குத குழாய்) விட்டு ஆட்டிப் பாருங்க, லொட லொடன்னு ஆடுச்சுன்னா கைடு மாத்தணும், அது வீட்டு வேலை இல்ல. சீட்டு, அதான் வால்வு உக்காருத வளையம், குழி விழுந்திருந்தாலும் அவங்கதான் 45 டிகிரி வெட்டித் தரணும். ஹெட் அடிப்பக்கத்துல ஸ்டீல் ரூல் வச்சு ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க, 0.05 மில்லிக்கு மேல உள்ள போச்சுன்னா ஃபேஸிங் (மட்டமா செதுக்குதது) போட்ரணும். நம்ம பக்கம் போர் தண்ணியவே ரேடியேட்டர்ல ஊத்தி ஊத்தி ஹெட்டு தண்ணி ஓட்டை ஓரமெல்லாம் அரிச்சுக் கெடக்கும், அதையும் காட்டுங்க. லேத்துக்குப் போகும்போது புது வால்வையும் கையோட கொண்டுபோங்க.

வீட்ல உக்காந்து பாக்க வேண்டிய வேலை கிரைண்டிங். வால்வு முகத்துல கொஞ்சம் கிரைண்டிங் பேஸ்ட் (அராவுத பொடி கலந்த பசை) தொட்டு வச்சு, ரப்பர் கப் குச்சிய ஒட்டி, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு மத்து கடையுத மாதிரி முன்னும் பின்னும் உருட்டணும், நடுநடுவுல வால்வ தூக்கி கால் சுத்து திருப்பி வைக்கணும். முதல்ல கரகரன்னு கேக்கும், பைய பைய அந்த கரகரப்பு செத்து வழுவழுன்னு ஆகும், அப்ப தொடச்சுப் பாத்தா சுத்தியும் அறுபடாம மங்கலான சாம்பல் கலர் வளையம், ஒன்றரை மில்லி கிட்ட அகலம் இருக்கணும். எங்கயாவது விட்டுப் போயிருந்தா திரும்பவும். பளபளன்னு வரணும்னு ரொம்ப நேரம் தேய்க்காதிய, சீட்டு அகலமாயிரும். முடிச்சதும் பேஸ்ட் ஒரு துளி இல்லாம கழுவணும், அது இன்ஜினுக்குள்ள போனா பேரிங்க தின்னுரும்.

புது சீல் போட்டு, தண்டுல ஆயில் தடவி மாட்டுங்க. காலர்ல கொஞ்சம் கிரீஸ் தொட்டு வச்சா காடியில ஒட்டிக்கிட்டு நிக்கும். ஹெட்ட கவுத்தி வச்சு குழியில மண்ணெண்ணெயோ டீசலோ ஊத்தி கால் மணி நேரம் போர்ட் பக்கம் ஈரம் வருதான்னு பாருங்க. புது கேஸ்கெட், ஹெட் போல்ட்ட நடுவுல இருந்து வெளிப்பக்கமா மூணு தவணையில டார்க் ரெஞ்சு (எவ்வளவு இறுக்கம்னு காட்டுத ஸ்பேனர்) வச்சு இறுக்குங்க, கைக்கணக்குல இறுக்குதது எல்லாம் வேண்டாம். பெல்ட் போட்டு சாவிய தொடாம கிராங்க ஸ்பேனர்ல ரெண்டு முழு சுத்து சுத்துங்க, எங்கயாவது முட்டுச்சுன்னா நிறுத்திட்டு மார்க்க பாருங்க.

சரி, ஏன் எரிஞ்சது? நம்ம ஊர்ல பாதி வண்டியில காரணம் டேப்பெட்ட, அதாவது வால்வு தண்டுக்கும் ராக்கருக்கும் நடுவுல விடுத இடைவெளிய, இறுக்குனதுதான். டிக் டிக்னு சத்தம் வருதுன்னு ஓனர் சொல்லுவாரு, ஒர்க்‌ஷாப்ல இடைவெளிய கொறச்சு சத்தத்த அமத்தி அனுப்பிருவாங்க, ஓனருக்கும் சந்தோசம். எக்ஸாஸ்ட் வால்வு தலை 700 டிகிரிக்கு மேல சூடாகும், அந்தச் சூட்ட அது பெருசா சீட்டுல உக்காருத நேரத்துலதான் எறக்கி வைக்கும். இடைவெளி இல்லைனா சூட்டுல தண்டு நீண்டு வால்வு முழுசா உக்காராது, சூடு எறங்காது, ஓரம் எரிஞ்சிரும். அதனால மேனுவல்ல போட்டுருக்க அளவுக்கு இன்ஜின் ஆறுன நிலையில ஃபீலர் கேஜ் வச்சு செட் பண்ணுங்க, லேசா சத்தம் வந்தா வரட்டும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு திரும்ப ஒருதடவை பாருங்க, புது சீட்டு கொஞ்சம் உக்காரும், கேப் கொறஞ்சிருக்கும்.